கொழும்பு வீட்டுச் சலவையில் ஒட்சிசன் பிளீச்சையும் சலவைத்தூளையும் பயன்படுத்தும் முறை

கறை நீக்கும் தூள் ஒன்றை வாங்கி, பைக்கற்றில் சொன்ன அளவை வோஷிங் மெஷினில் கொட்டி, வழமையான குளிர்நீர்ச் சுற்றில் தோய்த்துப் பார்த்துவிட்டு, கறை அப்படியே இருக்கிறதென்று அந்தத் தூளைக் கைவிட்டவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் பிழை தூளில் இல்லை. அதிலுள்ள ஒட்சிசன் பிளீச் வேலை செய்வதற்குச் சூடு வேண்டும். சூடு கிடைக்காத இடத்தில் அதற்கு ஈடாக நேரம் வேண்டும். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் குளிர்நீர்ச் சுற்றில் இவை இரண்டுமே அதற்குக் கிடைப்பதில்லை.

இத்தகைய தூள்களில் பெரும்பாலானவற்றின் முக்கிய பொருள் சோடியம் பேர்காபனேற்று ஆகும். நீரில் கரைந்தவுடன் அது சலவைச் சோடாவாகவும் ஐதரசன் பேரொட்சைட்டாகவும் பிரிகிறது. தூய தூளின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேரொட்சைட்டாக வெளிவரும். சோடா நீரைக் காரமாக்குகிறது, அந்தக் கார நீரில்தான் பேரொட்சைட்டு வீரியம் பெற்று, கறைக்கு நிறம் தரும் மூலக்கூறுகளை உடைத்து அவற்றை நிறமற்றவையாக்குகிறது. வேலை முடிந்தபின் எஞ்சுவது சோடாவும் நீரும் ஒட்சிசனும் மட்டுமே. குளோரீன் பிளீச்சைப் போல மூக்கைத் துளைக்கும் நெடியும் இதற்கு இல்லை, பெரும்பாலான நிறத்துணிகளை இது வெளிறச் செய்வதும் இல்லை.

இந்தத் தொழில்நுட்பம் வெந்நீரில் துணி தோய்த்த நாடுகளில் பிறந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 1907 இல் ஜேர்மனியின் ஹென்கல் நிறுவனம் பேர்சில் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த தூளில் இருந்தது இதன் உறவான சோடியம் பேர்போரேற்று. வெள்ளைத் துணிகளைப் பாத்திரத்தில் இட்டுக் கொதிக்கவைப்பது அன்றைய ஐரோப்பிய வழக்கமாக இருந்தபடியால் அது அங்கே நன்றாக வேலை செய்தது. பின்னர் குறைந்த சூட்டிலும் பிளீச்சைத் தூண்டிவிடும் ரீ.ஏ.ஈ.டி. என்ற துணைப்பொருளைச் சேர்க்கத் தொடங்கியதால் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே பலன் கிடைக்கும் நிலை வந்தது. எங்கள் குழாய்நீரோ 28 பாகையை ஒட்டியது. கூரையிலுள்ள தாங்கி வெயிலில் காயும் தொடர்மாடிகளில் பிற்பகல் நீர் கைக்கு இளஞ்சூடாகவே வரும். வெள்ளை உடுப்பு ஊறவைக்கும் வேலையை அந்த நேரத்துக்கு ஒதுக்கினால் கேத்தலின் வேலை சற்றுக் குறையும்.

நீரைச் சூடாக்கும் கணக்கு

நீரைத் தானே சூடாக்கும் வசதி முன்வாய் மெஷின்களில் பொதுவாக உண்டு. அவ்வாறான மெஷின் வைத்திருப்பவர்கள் பிரதான சலவைக்குரிய தட்டில் சலவைத்தூளோடு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி பேர்காபனேற்றை இட்டு, நிறத்துணிக்கு 40 பாகையும் வெள்ளைப் பருத்திக்கு 60 பாகையும் கொண்ட நீண்ட பருத்திச் சுற்றைத் தெரிவுசெய்தால் போதும். விரைவுச் சுற்றில் இதைச் சேர்ப்பது வீண்.

சூடாக்கும் வசதியில்லாத மேல்வாய் மெஷின் உள்ளவர்களும் கையால் தோய்ப்பவர்களும் வாளியில் ஊறவைத்தே ஆகவேண்டும். அதற்குத் தேவையான சூட்டைப் பெற வெப்பமானி வேண்டியதில்லை, சிறு கணக்கொன்று போதும். கொதிநீர் ஒரு பங்குக்குக் குழாய்நீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறத்தாழ 50 பாகை கிடைக்கும். கேத்தல் ஒன்று பொதுவாக 1.7 லீற்றர் கொள்ளும். அதை நிரப்பிக் கொதிக்கவைத்து, வாளியிலுள்ள மூன்றரை லீற்றர் குழாய்நீரில் ஊற்றினால் ஐந்து லீற்றருக்குச் சற்று மேலான இளவெந்நீர் தயார். இரண்டும் சமபங்காயின் 60 பாகையைச் சற்றுத் தாண்டும். ஒன்றுக்கு நான்காயின் 40 பாகையை ஒட்டி நிற்கும். குழாய்நீரை முதலில் வாளியில் எடுத்து அதன்மேல் கொதிநீரை ஊற்றுவதே பாதுகாப்பான ஒழுங்கு. குளியலறைத் தரையில் பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் இதைச் செய்யாதிருப்பது நல்லது.

வாளி பிளாஸ்ரிக்காக இருக்கவேண்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும். துருவேறிய தகர வாளியிலுள்ள இரும்போ, பேரொட்சைட்டு கறையைச் சென்றடைவதற்கு முன்னரே அதைச் சிதைத்துவிடும்.

முதலில் சலவைத்தூள், பிறகே பிளீச்

எண்ணெய், வியர்வைக் கொழுப்பு, புழுதி ஆகியவற்றை பிளீச் அகற்றாது. அது நிறத்தை மட்டுமே அழிக்கும். கறிக்குழம்பு சிந்திய சேட்டை நேரடியாக பிளீச் நீரில் போட்டால், எண்ணெய்ப் படலம் நீரைத் தடுக்க, பிளீச் வெளியிலேயே வீணாகிவிடும். ஆகவே அழுக்கைத் தளர்த்தும் வேலையைச் சலவைத்தூளிடம் விட்டு, எஞ்சும் நிறத்துக்கு மட்டும் பிளீச்சைப் பயன்படுத்துவதே சரியான ஒழுங்கு.

நல்ல சலவைத்தூளில் எண்ணெயை நீரோடு கலக்கச் செய்யும் பொருளோடு நொதியங்களும் இருக்கும்: புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ், மாப்பொருளை உடைக்கும் அமைலேஸ், கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ். இரத்தம், பால், பருப்பு, சோற்றுக் கஞ்சி போன்றவை துணியில் ஒட்டிக்கொள்ளும்போது இவையே கைகொடுக்கும். நொதியங்களுக்கு எங்கள் குழாய்நீரின் சூடே ஓரளவு போதுமானது. கொதிநீர் அவற்றைச் செயலிழக்கச் செய்யும். பிளீச்சும் நொதியமும் ஒரே பைக்கற்றில் விற்கப்படுவதுண்டு, சாதாரண சலவைக்கு அது போதும். கடுங்கறை படிந்த துணியைப் பொறுத்தவரை, முதலில் இளஞ்சூட்டு நீரில் நொதியமுள்ள தூளில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, ஒருமுறை அலசி, அதன் பின்னரே சூடான பிளீச் நீருக்கு மாற்றுவது என் பார்வையில் கூடுதல் பலன் தரும் வழி. சலவைத்திரவங்களில் பொதுவாக பிளீச் இருப்பதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். திரவம் பாவிக்கும் வீட்டில் துவாய்களும் வெள்ளைச் சேட்டுகளும் மாதக்கணக்கில் மெல்ல மங்கிவருவதற்கு இது ஒரு காரணம்.

அளவு விடயத்தில் எங்களவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: நுரை பொங்கினால்தான் உடுப்பு தோய்ந்ததாக மனம் ஒப்புக்கொள்ளும். களனி கங்கையிலிருந்து அம்பத்தளையிலும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் கொழும்புக்கு வரும் குழாய்நீர் மென்னீர். அதில் குறைந்த தூளே நிறைய நுரை தரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீராகையால் அங்கே கல்சியம் தூளின் ஒரு பகுதியை விழுங்கிவிடும், கூடுதலாக இடவேண்டியும் வரும். அங்கே பழகிய அளவையே வெள்ளவத்தைத் தொடர்மாடியிலும் தொடர்ந்தால், நுரை முழுமையாக அலசப்படாமல் துணியில் தங்கி, காய்ந்தபின் விறைப்பையும் மங்கலையும் தந்து, புதிய அழுக்கையும் பிடித்துவைக்கும். பைக்கற்றில் குறித்த அளவின் மூன்றில் இரண்டு பங்கில் தொடங்கிப் பார்க்கலாம். தோய்த்துக் காய்ந்த துவாய் ஒன்றை வெறும் இளவெந்நீரில் போட்டுக் கசக்கும்போது நுரை எழுமாயின், அதுவரை இட்ட அளவு கூடியது என்பது தெளிவு. வன்னீர்ப் பகுதிகளில் பேர்காபனேற்றிலிருந்து பிரியும் சோடா கல்சியத்தோடு சேர்ந்து வெண்படிவாகத் துணியில் இறங்கும் என்பதால், அங்கே அதைத் தனியாக இடாமல் நல்ல சலவைத்தூளோடு சேர்த்தே இடவேண்டும்.

ஊறவைக்கும் முறை

ஐந்து லீற்றர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 30 கிராம் தூய பேர்காபனேற்று போதுமானது. பழைய கறைக்கு மூன்று கரண்டி வரை கூட்டலாம். வாசனையும் நிறமும் சேர்த்து விற்கப்படும் கறைநீக்கித் தூள்களில் பேர்காபனேற்று ஒரு பகுதி மட்டுமே என்பதால், அவற்றுக்குப் பைக்கற்றின் அளவையே பின்பற்றவேண்டும். தூளை முதலில் இளவெந்நீரில் முழுமையாகக் கரைத்துவிட்டே துணியை இறக்கவேண்டும். கரையாத மணிகள் நிறத்துணியில் ஒட்டினால் அந்த இடத்தில் மட்டும் வெளிறிய புள்ளி விழும். துணி முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருப்பதும் அவசியம். மேலே மிதக்கும் பகுதி அப்படியே மங்கலாக நின்றுவிடும் என்பதால், கொதிநீர் தாங்கும் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அமிழ்த்தி வைக்கலாம். 50 பாகை நீரில் ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் வைத்தால் பெரும்பாலான கறைகள் விட்டுக்கொடுக்கும். சூடாக்க வழியில்லாதவர்கள் குழாய்நீரிலேயே ஆறு முதல் எட்டு மணித்தியாலம், அதாவது இரவு முழுவதும், விட்டுவைக்கலாம். அதற்குள் நீரின் வீரியம் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பதால் அதற்குமேல் வைத்திருப்பதில் பயனில்லை. கறை பாதி போயிருந்தால் அதே நீரில் தூளைக் கூட்டிப் போடாமல், புதிய நீரில் மறுபடி தொடங்கவேண்டும்.

கறை முழுதாக நீங்கும் முன் துணியை அழுத்தவோ டிரையரில் காயவைக்கவோ கூடாது.

நிறத்துணியை ஊறவைக்கும் முன் சோதனை ஒன்று கட்டாயம். உள்மடிப்பில் கரைசலைச் சில துளிகள் இட்டு, பதினைந்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்கும்போது சாயம் ஏறினால் அந்த உடுப்பு இந்த வேலைக்கு ஏற்றதல்ல. பத்திக் துணிகளிலும் கைத்தறியிலும் சாயம் பலவகைப்படுவதால், ஒரு துணியில் பெற்ற முடிவை அடுத்த துணிக்குப் பொருத்தக்கூடாது. காரநீர் தோலை வறட்டுமாகையால் கையுறை அணிவதும், தூள் கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நீண்டநேரம் கழுவுவதும் அவசியம். ஊறியபின் நீரோடு சேர்த்தே துணியை மெஷினில் இட்டு வழமைபோலத் தோய்க்கலாம். கையால் தோய்ப்பவர்கள் மூன்று தடவை அலசவேண்டும்.

கறைக்கேற்ற அணுகுமுறை

தேநீர்க் கறைக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. தேயிலையின் பழுப்பு நிறம் பேரொட்சைட்டுக்கு எளிதில் உடையக்கூடியது. மேசைவிரிப்பில் நாட்பட்டுப் படிந்த பிளேன்ரீக் கறையும் ஒரே ஊறலில் பெரும்பாலும் மறைந்துவிடும். கோப்பி, பழச்சாறு, வெற்றிலைச் சிவப்பு ஆகியவையும் அதே குடும்பம்தான், ஆனால் வெற்றிலைக்கறை பழையதாயின் இரண்டாவது ஊறல் தேவைப்படலாம். வாழைக்கயர் இவற்றிலெல்லாம் பிடிவாதமானது. துணியில் பட்ட உடனே தோய்த்தால் ஓரளவு தப்பலாம். கறுத்துக் காய்ந்தபின் நிறம் குறையுமேயன்றி முழுமையாக நீங்குமென்று எதிர்பார்க்கக்கூடாது.

மஞ்சள் கறைக்குத் தனிக் குணம் உண்டு. சவர்க்காரம் பட்டவுடன் அது செந்நிறமாக மாறுவதைக் கண்டு துணி பாழாகிவிட்டதாகப் பலர் பதறுவர்; மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவப்பது இயல்பு, அலசியதும் மீண்டும் மஞ்சளாகும். முதலில் எண்ணெய் போகத் தோய்த்து, பின் பிளீச் நீரில் ஊறவைத்து, இறுதியில் ஈரத்தோடு நேர்வெயிலில் விரித்துவிட வேண்டும். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் பொருளாகையால், எஞ்சிய சாயலை வெயில் தீர்த்துவிடும். தொடர்மாடி பல்கனியில் இரண்டு மணித்தியாலம் வெயில் விழுந்தாலும் வேறுபாடு தெரியும்.

பாடசாலை வெள்ளைச் சீருடையின் கழுத்துப்பட்டி மஞ்சளிப்பது தோலெண்ணெய் ஒட்சியேறுவதால். வழமையான சன்லைட் சவர்க்காரக் கட்டியையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ ஈரக் கழுத்துப்பட்டியில் தேய்த்து, மென்தூரிகையால் உரசி, பத்து நிமிடம் விட்டபின் ஏனைய வெள்ளைகளோடு ஊறவைத்தால் அந்த மஞ்சள் இறங்கும். கடும் தூரிகையால் தேய்க்கும் வீடுகளில் கறைக்கு முன் துணியே போய்விடுகிறது. நீலம் போடுவதும் இன்னும் பல வீடுகளில் தொடர்கிறது. நீலம் மஞ்சளை மறைக்குமேயன்றி அகற்றாது. போட விரும்புவோர் பிளீச், அலசல் எல்லாம் முடிந்த கடைசி நீரில் போடட்டும். குமிழ்முனைப் பேனை மையில் பிளீச் அவ்வளவாகச் செல்லாது, அதற்கு ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒற்றியெடுப்பதே வழி.

இரத்தக்கறையை முதலில் குளிர்நீரிலேயே அலசவேண்டும். வெந்நீர் புரதத்தை நூலோடு இறுக்கிவிடும். அலசாமல் நேரே பிளீச்சில் போட்டால் நீர் நுரைத்துப் பொங்குவதைக் காணலாம். இரத்தத்திலுள்ள நொதியம் ஒன்று பேரொட்சைட்டை அந்த நொடியிலேயே சிதைப்பதன் அடையாளம் அது. அந்த அளவு பிளீச் வீணாகிவிட்டது என்று கொள்ளவேண்டும்.

செம்மண், விளக்குக் கரி, இரும்புத்துரு ஆகிய மூன்றிலும் பிளீச்சுக்கு வேலையே இல்லை. செம்மண்ணின் நிறம் இரும்பு ஒட்சைட்டு, கரியின் நிறம் காபன்; இரண்டையும் சலவைத்தூளாலும் உரசலாலும் மட்டுமே அகற்றலாம். துரு இன்னும் மோசம். துருப்பட்ட இடத்தில் பேரொட்சைட்டு கட்டுப்பாடின்றிச் சிதைந்து நூலையே அரிப்பதால், சில சலவைகளுக்குப் பின் அங்கே ஓட்டை விழக்கூடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்துத் துருவை நீக்கி, நன்றாக அலசியபின்னரே அத்துணியை பிளீச்சுக்குக் கொண்டுசெல்லவேண்டும். செந்நிறப் படிவு விழும் கிணற்றுநீர் உள்ள புறநகர் வீடுகளில் ஊறவைப்பதற்கு மட்டுமாவது குழாய்நீரை எடுத்துக்கொள்ளலாம்.

தவிர்க்கவேண்டியவை

பட்டும் கம்பளியும் புரத நார்கள். பேர்காபனேற்றின் காரம் அவற்றை நலித்துப் பளபளப்பை அழிக்கும். புரோட்டியேஸ் உள்ள சலவைத்தூளும் அவற்றுக்கு ஆகாது. காஞ்சிபுரம் சேலை, பட்டுவேட்டி, சரிகைக்கரை போட்ட எதையும் இந்த வாளிக்கு அருகிலும் கொண்டுவரவேண்டாம். பருத்தி வேட்டியின் சரிகைக்கரையில் உலோக இழை இருக்கலாம் என்பதால், வேட்டியின் நடுப்பகுதியிலுள்ள கறையை மட்டும் நனைத்து எடுப்பதே உசிதம். செம்பு, பித்தளைக் கொக்கிகளும் தோலால் ஆன அலங்காரங்களும் உள்ள உடுப்புகளும் இதே பட்டியலில் சேரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒட்சிசன் பிளீச்சோடு சலவைத்தூளைத் தவிர வேறெதையும் கலக்காதிருத்தல். குளோரீன் பிளீச்சோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு வேகமாக வாயுவை வெளியிடும். வினாகிரியை ஊறவைக்கும் நீரில் சேர்த்தால் காரம் தணிந்து பிளீச் சோர்ந்துபோவதோடு, மூக்கையும் கண்ணையும் எரிக்கும் பேரசற்றிக் அமிலம் சிறிதளவு உருவாகும். கொழும்புத் தொடர்மாடிகளில் உடுப்பு ஊறுவதும் கழிப்பறை கழுவுவதும் பெரும்பாலும் ஒரே சிறு குளியலறையில் நடப்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. குளோரீன் பிளீச்சும் அமிலமுள்ள கழிப்பறைத் திரவமும் சந்தித்தால் குளோரீன் வாயு கிளம்பும். யன்னல் மூடிய அறையில் அது உயிராபத்து. இவ்விரு போத்தல்களையும் ஒரே தட்டில் அருகருகே வைப்பதைக்கூடத் தவிர்க்கவேண்டும். குளோரீன் பிளீச் நைலோனையும் இழுபடும் துணிகளையும் மஞ்சளாக்கிவிடும் என்பதால், வீட்டு உடுப்புகளுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. வெள்ளைப் பருத்தியில் ஆழமாக இறங்கிய கரும்பூஞ்சணப் புள்ளிகளுக்கு மட்டும் அது ஒட்சிசன் பிளீச்சைவிட வலிது.

மழைக்காலத் துவாய்

மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமழையிலும் துவாய்கள் நாள்முழுக்கக் காயாமல் தொங்கி ஒருவித புளிப்பு நாற்றம் பிடிக்கின்றன. இதற்குப் பெரிதும் காரணமான மொரக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பற்றீரியா, ஈரத்துணியில் எஞ்சிய தோலெண்ணெயை உண்டு மணக்கும் அமிலத்தை உருவாக்குகிறது. வாசனைத் திரவம் ஊற்றுவது இதற்குத் தீர்வாகாது. துணிமென்மையாக்கித் திரவம் துவாயின்மேல் படலமாகப் படிந்து, நீர் உறிஞ்சும் தன்மையையும் குறைத்துவிடும். வெள்ளை அல்லது சாயம் உறுதியான துவாய்களை இரண்டு வாரத்துக்கொரு முறை 60 பாகையை ஒட்டிய நீரில் பேர்காபனேற்றோடு ஒரு மணித்தியாலம் ஊறவைத்துத் தோய்த்து, மின்விசிறிக்குக் கீழ் ஒற்றையாக விரித்து விரைவாகக் காயவிட்டால் நாற்றம் அடங்கும். அதே தூளில் நான்கைந்து கரண்டியை வெறும் மெஷினில் இட்டு வெந்நீரில் ஓடவிடுவது, ட்ரம்முக்குப் பின்னால் படியும் பிசுக்கையும் கழுவித் தள்ளும்.

தூளைச் சேமித்தல்

கொழும்பின் ஈரக்காற்று இந்தத் தூளுக்குப் பகை. ஈரம் பட்ட தூள் பையிலேயே மெல்லச் சிதைந்து ஒட்சிசனை இழந்துவிடும். ஆகவே குளியலறையில் வைக்காமல், உலர்ந்த அலுமாரியில், அடுப்புக்கும் வெயிலுக்கும் அப்பால், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். ஈரக்கரண்டியை ஒருபோதும் உள்ளே விடக்கூடாது. கரைத்த நீரை மூடிய போத்தலில் சேமிப்பது ஆபத்தானது; வெளிவரும் ஒட்சிசன் போத்தலை வெடிக்கச் செய்யும். மலிவாகக் கிடைக்கிறதென்று புறக்கோட்டையில் பெரிய சாக்கை வாங்குவதைவிட, இரண்டு மூன்று மாதத்தில் தீரக்கூடிய பைக்கற்றை வாங்குவதே சிக்கனம்.

பழைய தூளைச் சோதிக்க, கண்ணாடிக் குவளையில் வெந்நீர் எடுத்து அரைக்கரண்டி இட்டுப் பார்க்கலாம். நுண்குமிழ்கள் தொடர்ந்து எழுந்தால் அதில் உயிர் இருக்கிறது. எழாவிட்டாலும் எறிந்துவிட வேண்டியதில்லை. பிளீச் போனாலும் அதிலுள்ள சலவைச் சோடா அப்படியே இருக்கும் என்பதால், எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த அடுப்பங்கரை ஓடுகளையும் தரைத்துணிகளையும் கழுவ அதைத் தீர்த்துவிடலாம்.